உடைப்பதற்கு முன்

கலை நிதியுதவி கேட்டு நிராகரிக்கப்பட்டவர்கள் விண்ணப்பத்தோடு அனுப்பிய சிடிகளை உடைக்கும் நாள் அது. உடைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கேட்டு, இன்னாருடையதுதான் என்று உறுதிசெய்ய வேண்டும் என்பது துறையின் விதி. லூர்துராஜ் தபேலா வாசித்த சிடி எழுத்தர் தணிகைவேலின் கையில் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே லூர்துராஜின் அம்மா மிக்கேலம்மாள் நின்றாள்.

"ஒரே ஒருக்கா கேட்டுக்கிடுதேன் சார்."

"ஒருத்தரோட விவரத்த இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாதும்மா. விண்ணப்பிச்சவரே வந்து கேக்கணும்."

"அவன் செத்துப்போனதாலதான சார் நான் வந்திருக்கேன்."

"அப்போ யாருக்குமே குடுக்க முடியாது."

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. சற்று நேரத்தில் அவரது விரல்கள் தாமாகவே மேசையில் தட்டத் தொடங்கின. மிக்கேலம்மாள் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து அந்த விரல்களையே பார்த்தாள். ஓரிடத்தில் அவை தடுமாறி நின்றன. பிறகு தாளத்தைப் பிடித்துக்கொண்டன.

அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"நடுவுல ஒரு எடத்துல தப்பு விட்டான் பாத்தீயளா?" அவள் முகம் மலர்ந்திருந்தது. "எப்பவும் அந்த எடத்துலதான் விடுவான். அவனேதான் சார்."

தணிகைவேல் 'உறுதிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டு, சிடியை இரு கைகளாலும் பிடித்து வளைத்தார்.