பொத்தான் ஏறிய உயரம்

சட்டையிலிருந்து அறுந்த நீலப் பொத்தான், காலி வாளிக்குள் விழுந்து அடியில் கிடந்தது. துணிக்கொடியில் தொங்கிய கிளிப்தான் அதற்கு உயிர்த்தோழன். இப்போது வாளியின் விளிம்பு ஒருவரையொருவர் பார்க்க விடவில்லை.

“எங்கடா போனே?” என்று கிளிப் கதறியது.

“அடியிலதான்டா கிடக்கேன். இனிமே உன் மூஞ்சியப் பார்க்கவே முடியாதா?” என்று பொத்தானும் அடியிலிருந்து கத்தியது.

ஒரு பாட்டம் மழை கொட்டி ஓய்ந்தது. வாளி நிரம்பியது. பொத்தானிடமிருந்து கிளம்பிய வெளிச்சம் தண்ணீருக்குள் மெதுவாக நடந்து, வெளியே வந்ததும் வளைந்து, விளிம்பைத் தாண்டிக் கொடிக்குப் போனது.

கிளிப் துள்ளியது. “டேய், தெரியுறேடா! நாலு ஓட்டையும் தெரியுது! எப்படிடா அவ்வளவு உசரம் ஏறினே?”

பொத்தான் கிடந்த இடத்தைவிட்டு இம்மியும் அசையவில்லை.

“கொஞ்சம் மூச்சு வாங்கிடுச்சுடா,” என்றது.