நகப்பூச்சு கேட்ட சத்தம்

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அந்தச் சிவப்பு நகப்பூச்சுக்குத் தலையே வெடித்துவிடும். ஒருநாள் தேவசகாயம் அதை மனைவியின் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்த் தன் சிவப்புக் காரின் பக்கத்தில் வைத்தார்.

"அடேயப்பா! இது எந்த விரலின் நகம்?" என்றது நகப்பூச்சு.

"நகமில்லை, கார்க் கதவு. அடிபட்டுப் பெயிண்ட் பெயர்ந்துபோயிருக்கிறது," என்றது அங்கே கிடந்த உப்புத்தாள். "முதலில் நான் தேய்க்க வேண்டும். உள்ளே துரு ஏறியிருக்கிறது."

தேவசகாயம் உப்புத்தாளை எடுத்துப் பார்த்தார். "தேய்ச்சா இன்னும் பெருசாயிடும்" என்று அதைக் கீழே போட்டுவிட்டு, நகப்பூச்சை எடுத்துப் பெயர்ந்த இடத்தில் பளபளவென்று பூசினார்.

கதவில் காய்ந்துகொண்டிருந்த நகப்பூச்சுக்கு, தனக்கு அடியில் யாரோ கொறிப்பதுபோல் கேட்டது. "யாரது உள்ளே? என்ன செய்கிறாய்?"

"நான்தான் துரு. இத்தனை நாளும் யார் கண்ணிலாவது பட்டுவிடுவேனோ என்று பயந்து பயந்து சாப்பிட்டேன். நல்லவேளை, நீ வந்து மூடினாய். இன்னும் முழுக் கதவும் இருக்கிறது, இனி நிதானமாகச் சாப்பிடுவேன். மகராசியாக இரு!"

நகப்பூச்சு வாயைத் திறப்பதற்குள், வெளியே தேவசகாயத்தின் குரல் கேட்டது.

"ஏம்மா, இங்க வந்து பாரேன்! அடிபட்ட இடமே தெரியலை!"