டேப்பில் இல்லாத மேலாளர்

சர்வர் அறையின் குளிர் எலும்பு வரை இறங்குகிறது. மேலாளருக்கு மட்டும் காலர் வியர்வையில் நனைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியின் யூனிக்ஸ் சர்வர் காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கீழே நோயாளிகளின் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நிற்கிறது. மாதாமாதம் சிஸ்டம் முழுவதையும் டேப்பில் நகல் எடுத்து வைப்பவளைப் பார்த்து, "இதெல்லாம் வேலையத்த வேலை" என்று எல்லார் முன்னாலும் சிரித்தவர் இவர். பதவிக்கு வந்த முதல் வாரமே அவளை ஸ்டோருக்குத் துரத்தினார். இன்று ஸ்டோர் வாசலில் நின்று, "கொஞ்சம் வாங்கம்மா" என்று அவரே கூட்டி வந்திருக்கிறார். ஸ்டோருக்குப் போகும் முன் கடைசியாக எடுத்த டேப்பை அவள் செருகுகிறாள். அது கரகரவென்று சுழல, சர்வர் அதிலிருந்தே மெல்ல விழித்துக்கொள்கிறது. பச்சை விளக்கு அவள் மூக்குக்கண்ணாடியில் துடிக்கிறது. "நோயாளிங்க விவரமெல்லாம் போயிடுச்சா?" என்கிறார் மேலாளர். "அது வேற டிஸ்க்ல பத்திரமா இருக்கு." கீழே பிரிண்டர்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போடுகின்றன. வரிசை நகர்கிறது. மேலாளர் சிஸ்டத்துக்குள் நுழைய அவசரமாகத் தன் பெயரைத் தட்டுகிறார். அப்படி யாரும் இல்லை என்கிறது திரை. மறுபடி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறார். "இது நீங்க வர்றதுக்கு முந்தின மாசத்து டேப் சார். இதுல நான்தான் நிர்வாகி. நீங்க இன்னும் வரல." "சரிம்மா, என்னைச் சேர்த்துடேன்." அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்கிறாள். "கீழ வரிசை முடியட்டும் சார். அதுவரைக்கும் அப்படி ஓரமா நில்லுங்க." அவர் நிற்கிறார்.