நாலாவது ஆள்

"ஒரே நேரத்துல எத்தனை பேர் பார்ப்பீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மூணு," என்றான் மகன்.

"நாலு," என்றார் அவன் அம்மா.

ஹாலில் அவர் கொண்டுவந்த இரண்டு பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. பாட்டு, படம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைத்துக்கொண்டு, வீட்டின் எந்த மூலையிலிருந்தும் பார்க்க வசதியான மீடியா சர்வர். சின்னது டிபன் டப்பா அளவு, மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. பெரியது பிஸ்கட் டின் மாதிரி. உள்ளே ஃபேன் வேறு உறுமியது.

இத்தனை நாளும் அந்த வேலையைப் பார்த்து வந்த பழைய கம்ப்யூட்டருக்குச் சமீபமாக என்ன வந்ததோ, படம் கொஞ்சம் ஓடும், நிறையச் சுத்தும்.

"மூணு பேருக்குச் சின்னது தாராளம். நாலாவது ஆள் வந்தா திணறும். பெரிசுல அந்தத் தொல்லை இல்ல," என்றார் கடைக்காரர்.

"சின்னதே போதுங்க," என்றாள் மருமகள். "பெரிசைக் கீழ வெச்சா பாப்பா தண்ணி ஊத்துவா. மேல வெச்சா தூசி தட்ட நான் ஏணி தேடணும்."

"அதெல்லாம் தெரியாது. நாலு பேர் பார்க்கிறதுதான் வேணும்," என்றார் மாமியார்.

"அம்மா, நான் ஒண்ணு, அவ ஒண்ணு, நீ ஒண்ணு. பாப்பா யார் மடியில இருக்காளோ அவங்களோட பார்ப்பா. நாலாவது யாரு?"

"விருந்தாளி வந்தா?"

"வந்தவங்களோட பேசுவியா, தனி ரூம்ல உட்கார வெச்சுப் படம் காட்டுவியா? இது வீடா, தியேட்டரா?"

"அத்தை, ஒரு கண்ணுக்கு ஒரு படமா?" என்று சிரித்தாள் மருமகள்.

"ஆமாம்மா. ஒண்ணுல அழுவேன், ஒண்ணுல சிரிப்பேன். உனக்கென்ன?"

மருமகளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டு அம்மாவை விடப் பெரிசா வாங்கணும், அதானே? பாவம், அவங்க கால் ஒடிஞ்சு படுத்திருக்காங்க. ஒரு தடவை எட்டிப் பார்த்தீங்களா?"

"யாரு, அந்த லவுட்ஸ்பீக்கரையா? என் கொடியில அவ ஈரப் போர்வையைக் காயப்போட்டவளாச்சே! நல்லாப் படுத்துக் கெடக்கட்டும். தெருவே நிம்மதியா இருக்கு."

அந்த ஒரு போர்வைக்காக இரண்டு வீட்டுக்கும் வருஷக்கணக்கில் பேச்சில்லை.

"சின்னதையே மாட்டுங்க சார்," என்றான் மகன்.

"அப்படின்னா நான் இனிமே படமே பார்க்கல. இப்பக் கணக்கு சரியா வருதா? மூணு," என்றார் மாமியார்.

"நீ பார்க்கலைன்னா ரெண்டும்மா!"

"இல்ல. மூணு."

"அம்மா கணக்குல கொஞ்சம் வீக்கு சார்," என்று வழிந்தான் மகன்.

கடைக்காரர் பழைய கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"வீட்டுல இப்ப என்னென்ன ஓடுது?"

"சமையலறையில பாட்டு. இங்க பாப்பாவுக்குப் பொம்மைப் படம். அவ்வளவுதான்."

"இல்லையே, இன்னொண்ணும் ஓடுது. ஏதோ துப்பறியும் படம்."

"துப்பறியும் படமா? நிறுத்துங்க சார் அதை."

கடைக்காரர் நிறுத்தினார்.

"அடப் பாவி! கொலைகாரன் மூஞ்சியைக் காட்டுற நேரத்துலயா நிக்கணும்!"

ஜன்னல் வழியாக வந்தது அலறல். பக்கத்து வீட்டுக் குரல். அதற்கு மைக்கே தேவையில்லை.

மகன் துள்ளி எழுந்தான். "நம்ம வைஃபையைத் திருடி நம்ம படத்தையே பார்க்கறாங்களா! இதனாலதான் பழசு திணறியிருக்கு. இருங்க, நேராப் போய் நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன். பாஸ்வேர்டையும் மாத்திடலாம்."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். எதிரி கையும் களவுமாக அகப்பட்டாயிற்று. இனி ஒரு வாரத்துக்கு அத்தையைப் பிடிக்க முடியாது.

மாமியாரோ ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். அப்படியே வாசற்கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"மெதுவாப் பேசுடா! அவளுக்குக் கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே! முதல்ல பாஸ்வேர்டு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் ஜன்னல்ல நின்னுக்கிட்டு, போன்ல யார்கிட்டயோ சொல்ற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக் கத்தினேன். தொண்டையே கட்டிப்போச்சு."

"அத்தை!"

"என்ன அத்தை? அவ பெத்த புள்ளை எங்கேயோ தூரத்துல இருக்கான். வேலைக்கு வர்ற பொண்ணும் சோத்தை வெச்சுட்டுப் போயிடுது. நாள் முழுக்கச் சுவத்தைப் பார்த்துக்கிட்டே கெடந்தா மனுஷி என்னத்துக்கு ஆவா?"

கடைக்காரர் சின்னப் பெட்டியைச் சத்தமில்லாமல் அட்டைக்குள் திருப்பி வைத்தார்.

"தம்பி, முதல்ல அந்தப் படத்தை ஓட விடுங்க. கொலைகாரன் யாருன்னு தெரியாம அவளுக்குச் சோறு இறங்காது," என்றார் மாமியார்.

மருமகள் மெல்லக் கேட்டாள்: "நேராவே கொடுத்திருக்கலாமே அத்தை. சண்டையும் தீர்ந்திருக்கும்."

"நல்லாச் சொன்னே போ! நான் கொடுத்தா வாங்குவாளா? என்கிட்டேயிருந்து திருடறோம்ங்கற சந்தோஷத்துலதானேம்மா அவ படமே பார்க்கிறா!"