மண்ணைப் பார்க்கும் முட்கள்

பரளச்சிக் கண்மாய்க் கரையில் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன். மாலை வகுப்புக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. சாய்ந்த வெயில் இரண்டு முழ மண்மேட்டின் மேல் விழுகிறது. எங்கள் தெருப் பாண்டீஸ்வரன் அண்ணனின் ஏழு மாதக் குழந்தையை நேற்று அங்கேதான் புதைத்தார்கள். நாய்கள் பிராண்டாமலிருக்க அண்ணன் கருவேல முள் வெட்டி வந்திருக்கிறார். மேட்டின் மேல் போடவிடாமல் காளீஸ்வரி மதினி கொப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

“புள்ளைக்குக் குத்தும்ங்க.”

“அவ ஆழத்துல கெடக்கா. குத்தாது, விடு.”

“தடுப்பூசி போடுறப்ப வெளிய போயி நின்ன ஆளு நீங்க. அவ எம்புட்டு அழுதான்னு ஒங்களுக்கு என்ன தெரியும்.”

அண்ணன் கொப்பைப் புரட்டிப் போட்டு, மண்ணில் படப்போகும் பக்கத்து முட்களை மட்டும் ஒவ்வொன்றாக ஒடிக்கிறார். மதினியும் எதிரே உட்கார்ந்து ஒடிக்கிறார். பதினாறு வரை எண்ணுகிறேன். எண்ணுவது தப்போ என்று தோன்ற, நிறுத்திவிடுகிறேன். மதினி அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே வருகிறார். ஓரிடத்தில் கை நிற்கிறது. “இங்கன ஒண்ணு இருக்கு” என்று அண்ணனிடம் காட்டுகிறார்.