புதுச் செருப்பு

துரை பங்களாவின் கேட்டைத் தாண்டியதுமே சந்திரம்மாள் காலிலிருந்த புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மகள் எழிலரசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கையில புடிச்சுக்கவா வாங்கித் தந்தேன்? போடும்மா!"

"இருக்கட்டும்டி."

இதற்காகவா திருவண்ணாமலையிலிருந்து ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்தாள்? வெள்ளைக்காரன் காலத்து மாந்தோப்பு. இப்போது டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம். அம்மா வேலை பார்த்த காலத்தில் கூலிக்காரர்கள் செருப்போடு நுழைந்தால் வேலை போய்விடும். இங்கே மாங்காய் பறித்த அம்மா இன்றைக்காவது செருப்புக் காலோடு பங்களா படியேற வேண்டும் என்பது அவள் ஆசை.

"முதலாளி செத்தே போயிட்டாரு. இன்னும் யாருக்கும்மா பயப்படுற?"

சந்திரம்மாள் பங்களாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகத் தோப்புக்குள் நடந்தாள். கோடியிலிருந்த பெரிய மாமரத்தை, கிரிவலம் போகிறவளைப் போல வெறுங்காலோடு சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மரத்தைப் போய் ஏம்மா கும்பிடுற?"

"இங்கதான்டி நீ பொறந்தே."

"பெரியாஸ்பத்திரியிலன்னு சொன்னியே!"

"அங்க தூக்கினு போனது அப்பறம். மாங்கா பறிச்சினு இருக்கும்போதே வலி வந்துடுச்சி."

எழிலரசி மெல்லக் குனிந்து தன் செருப்பின் வாரை அவிழ்க்கப் போனாள். சந்திரம்மாள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கழட்டாதடி, முள்ளு கீது. அன்னைக்கே முந்தானைய விரிச்சுப் போட்டுதான் உன்னத் தரையில விட்டேன்."