நிற்காத பை

ஜெபகுமார் பொத்தானிலிருந்து கையை எடுத்த பிறகும் பை ஓடிக்கொண்டிருந்தது.

சாதாரண வெள்ளை கேரி பேக்தான். காலி மனையைச் சுற்றி முளைக்குச்சி அடித்து, குச்சிக்கு ஒரு கப்பி மாட்டி, அதன் மேல் ஓடும் நைலான் கயிற்றில் அதைக் கட்டியிருக்கும். பழைய ஸ்கூட்டர் மோட்டாரையும் கார் பேட்டரியையும் வைத்து என் தம்பி ஜெபகுமார் செய்த ஏற்பாடு. பொத்தானை அழுத்தினால் பை முயல் மாதிரிப் பறக்கும். விட்டால் நின்றுவிடும்.

அன்றைக்கு உள்ளே போன பொத்தான் வெளியே வரவில்லை.

பைக்குப் பின்னால் என் மின்னல் ஓடிக்கொண்டிருந்தான். சிப்பிப்பாறை நாய். அவன் ஓடுவதைப் பார்ப்பதற்காகவே நான் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டவள். ஒரு கணம் நாலு காலும் தரையில் இருக்காது.

ஆனால் அந்த இனத்துக்குக் காலில் இருக்கிற அறிவு தலையில் இல்லை. பை ஓடும்வரை ஓடும். நெஞ்சு வெடித்தாலும் நிற்கத் தெரியாது.

அது கத்திரி வெயில் சமயம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் முடிச்சூர் காய ஆரம்பித்துவிட்டது.

நாங்கள் ஒன்றும் விவரம் கெட்டவர்கள் இல்லை. மழைக்காலத்தில் முதலில் நான் மொத்த வழியும் நடந்து பார்த்து, கண்ணாடிச் சில்லு பொறுக்குவேன். சேறு இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு. மார்கழியில் உடம்பு சூடாகும்வரை நடக்கவிட்டுத்தான் ஓடவிடுவோம். கத்திரியில் புறங்கையை மண்ணில் வைத்துப் பார்ப்பேன். சூடு பொறுக்க முடிந்தால் ஒரே ஒரு சுற்று, அதோடு சரி.

ஒரே ஒரு விஷயத்தில்தான் கோட்டை விட்டோம். வாராவாரம் குச்சிகளை இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாய் வழியை மனப்பாடம் செய்துகொண்டு, துரத்தாமல் குறுக்கே போய்ப் பிடிக்கப் பார்க்கும். கோடையில் மண் இறுகி, குச்சியைப் பிடுங்க முடியவில்லை. மின்னலாவது மனப்பாடம் செய்வதாவது என்று அப்படியே விட்டுவிட்டோம்.

இரண்டாவது சுற்றும் முடிந்தது.

"ஒயரப் புடுங்குடா!" ஜெபகுமாரைப் பார்த்துக் கத்தினேன்.

ஒயர் கழன்றுவிடக் கூடாது என்று நட்டு போட்டு இறுக்கி வைத்திருந்தவனே இவன்தான். ஸ்பேனர் வண்டியில் இருந்தது. வண்டி ரோட்டில் இருந்தது. மோட்டாரை ஒரு உதை உதைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினான்.

மூன்றாவது சுற்றில் மின்னலின் பாய்ச்சல் குலைந்தது. நாக்கு பக்கவாட்டில் தொங்கியது. பின்னங்கால் பின்னியது. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவன் காதில் ஏறவே இல்லை.

ஓடுகிற கயிற்றைக் கையால் பிடித்தால் விரல் போய்விடும். போனால் போகட்டும் என்று துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். என் கால் எனக்கே பாரமாக இருந்தது. எனக்கு முன்னால் பை போய்விட்டது, பையோடு அவனும்.

அப்போது மனை ஓரம் கிடந்த பெரிய சிமெண்ட் குழாய்க்குள்ளிருந்து மேஸ்திரி எழுந்து வந்தான்.

மேஸ்திரி என்பது அந்த மனையில் கிடக்கும் தெருநாய். செம்பட்டை நிறம், பாதிக் காது. நாங்கள் குச்சி, கயிறு என்று அல்லாட, ஐயா குழாய்க்குள் காலை நீட்டிப் படுத்து மேற்பார்வை பார்ப்பார். அதனால்தான் அந்தப் பெயர். பிஸ்கட்டுக்குக்கூட எழுந்து வந்ததில்லை. நான்தான் கொண்டுபோய் வாயருகே வைக்க வேண்டும்.

சோம்பல் முறித்தான். மனையின் குறுக்காக நடந்தான். கடைசி வளைவுக்குப் போய், கப்பிக்கு முன்னால் உட்கார்ந்தான். அவனுக்கு அவசரமே இல்லை.

பை வந்தது. வாயைத் திறந்து, கவ்வினான்.

கயிறு விர்ரென்று இறுகி, கப்பியை விட்டுத் துள்ளி மண்ணில் விழுந்தது. மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மின்னல் ஓடி வந்து மேஸ்திரியின் மேல் மோதி, அப்படியே மடிந்து படுத்தான்.

மின்னலின் வயிற்றில், தொடையிடுக்கில், பாதத்தில் என்று கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினேன். ஸ்பேனரோடு திரும்பி வந்த ஜெபகுமார் சட்டையைக் கழற்றி விசிறினான். கர்த்தரே, கர்த்தரே என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. மூச்சு தணிய வெகுநேரம் பிடித்தது. கடைசியில் அவன் வால் ஒரு தடவை மண்ணைத் தட்டியது. நான் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம்தான் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தேன். பையைக் கீழே போட்டுவிட்டு, மின்னலின் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த சரசு அக்கா, மனைக்குப் பின்னால் குடியிருப்பவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

அவரிடமே கேட்டேன்: "எப்பவும் படுத்தே கெடக்குற நாயி, அக்கா. எங்க போய் நிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சரசு அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அதுவா படுத்துகினு கீது? தெனம் சாய்ங்காலம் இதே குச்சி ஓரமா தனியா ஓடும்மா, பை கூட இல்லாம. நீங்க வர்ற நேரத்துல வெயில் எறங்கட்டும்னு காத்துகினு கீது, அவ்ளோதான்."